எச்எக்ஸ்பி .303 தோட்டா என்று சொல்லி ஏமாற்றுகிறார்கள், 690 டாலர் போச்சு

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். அமெரிக்காவில் இருந்துகொண்டு பழைய ராணுவ ரைஃபிள் வைத்திருக்கிற நம் ஆட்கள் கொஞ்சம் பேர் இருக்கிறீர்கள், உங்களுக்காகத்தான். 690 டாலர் கொடுத்து 600 தோட்டா வாங்கினேன், பணமும் போய் பேரலும் (துப்பாக்கிக் குழல்) போய் நிற்கிறேன்.

என்னிடம் இருப்பது லீ-என்ஃபீல்ட் நம்பர் 4, கனடாவில் லாங் பிராஞ்ச் தொழிற்சாலையில் 1943-ல் செய்தது. நம் ஊர் போலீஸ்காரர் தோளில் தொங்கிய த்ரீ நாட் த்ரீயின் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள், தோட்டா அதேதான். சின்ன வயதிலிருந்தே அதன் மேல் ஒரு ஆசை. இந்த ஊருக்கு வந்து பல வருஷம் தேடி, பாகங்களின் வரிசை எண்கள் எல்லாம் பொருந்துகிற, பேரல் கண்ணாடி மாதிரி இருந்த ஒன்றை வாங்கினேன். அதனால்தான் கண்ட தோட்டாவையும் அதில் போடுவதில்லை.

.303-ல் சர்ப்ளஸ், அதாவது ராணுவம் கழித்து விற்ற பழைய சரக்கு, வாங்குகிறவர்களுக்குத் தெரியும், எல்லோரும் தேடுவது எச்எக்ஸ்பி முத்திரை போட்ட கிரேக்கச் சரக்கு. ப்ரைமர் என்பது தோட்டாவின் அடியில் இருந்து மருந்தைப் பற்ற வைக்கிற சின்ன மூடி. இதில் இருப்பது பாக்ஸர் வகை ப்ரைமர், துரு பிடிக்க வைக்காதது, சுட்ட பிறகு கூட்டை எடுத்துத் திரும்ப மருந்து நிரப்பிக்கொள்ளலாம். மற்ற பழைய .303 பெரும்பாலும் பெர்டன் என்ற வேறு வகை ப்ரைமர், அதில் பொட்டாசியம் குளோரேட் இருக்கும். சுடும்போது அது பொட்டாசியம் குளோரைடாக மாறிக் குழலுக்குள் படிகிறது. சமையல் உப்புக்குப் பங்காளி அது. காற்றில் இருக்கிற ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டு இரும்பைத் தின்னும். எண்ணெய்க்கும் சாதாரண சால்வென்டுக்கும் (துப்பாக்கி துடைக்கிற திரவம்) கரையாது, தண்ணீரில்தான் கரையும். இதெல்லாம் தெரிந்துதான் எச்எக்ஸ்பி மட்டும் வேண்டும் என்று தேடினேன்.

சரி, அந்தக் கடை. பழைய ராணுவச் சரக்கு விற்கிற ஆன்லைன் கடை, பெயர் இங்கே சொல்லப் போவதில்லை. விளம்பரத்தில் "எச்எக்ஸ்பி, நான்-கரோசிவ்" என்று, அதாவது துரு பிடிக்க வைக்காதது என்று, தெளிவாகப் போட்டிருந்தது. படத்தில் அட்டைப் பெட்டி, பக்கத்தில் நாலைந்து தோட்டா, அடியில் எச்எக்ஸ்பி முத்திரை. அப்படியும் உடனே வாங்கவில்லை. மின்னஞ்சல் போட்டு, எல்லாப் பெட்டியும் ஒரே சரக்கா, நடுவில் மாற்றிக் கட்டியதா என்று கேட்டேன். பதில் எழுதாமல் அந்தக் கடைக்காரர் நேராகப் போன் பண்ணினார். வயதான குரல், நிதானமான பேச்சு. முதல் கேள்வியே "உன்னுடையது லாங் பிராஞ்சா, சாவேஜா?" என்றுதான். சாவேஜ் என்பது இதே ரைஃபிளைச் செய்த அமெரிக்கக் கம்பெனி. லாங் பிராஞ்ச் என்றதும் அவர் குரலே மாறிவிட்டது. தன்னிடமும் ஒன்று இருக்கிறது, சாவேஜில் இருக்கிற மெருகைவிட இது நன்றாக இருக்கும், இந்தப் பெட்டியிலிருந்துதான் தானும் சுடுகிறேன், கவலையே வேண்டாம், சால்வென்ட் போட்டு ஒரு துணி இழுத்தால் போதும் என்றார். துப்பாக்கியை இத்தனை பிரியமாகப் பேசுகிற மனுஷன் இன்னொருத்தர் துப்பாக்கியைக் கெடுக்க மாட்டார் என்று யாருக்கும் தோன்றும். அன்று இரவே 690 டாலர் கார்டில் கட்டினேன்.

பெட்டி வந்தது. மேலே இருந்த அட்டைகளைத் திறந்தால் எச்எக்ஸ்பி, பளபள என்று. ரேஞ்சுக்கு எடுத்துப்போய் நண்பர்களோடு சில பெட்டி சுட்டோம். அந்த ரேஞ்சில் கீழே விழுந்த கூடுகளைப் பெருக்கி வாளியில் போட்டுவிடுவார்கள், அதனால் சுட்டவற்றின் அடி முத்திரையை நான் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்து அவர் சொன்னபடியே சால்வென்ட், துணி, கடைசியில் மெல்லிசாக எண்ணெய். நான் இருப்பது டெக்சாஸ் கடலோரம், இங்கே காற்று எப்போதும் ஈரம். அடுத்த வாரக் கடைசியில் போல்ட்டை (தோட்டாவைக் குழலுக்குள் தள்ளிப் பூட்டுகிற பாகம்) கழற்றி விளக்கு வைத்துப் பார்க்கிறேன், குழல் முழுக்கச் செம்பழுப்பு. போல்ட் முகத்திலும் அதே. துணியை இழுத்தால் துருவாக வருகிறது.

அப்போதுதான் மிச்சமிருந்த எல்லாப் பெட்டியையும் மேசையில் கொட்டினேன். ஒவ்வொரு அட்டையிலும் ஓரத்தில் இருப்பது எச்எக்ஸ்பி, உள்ளே இருப்பது வேறு. பாதிக்கு மேல் பிஓஎஃப், அதாவது பாகிஸ்தான் ஆர்டினன்ஸ் ஃபேக்டரி சரக்கு. மீதியில் கேஎஃப், நம் புனே பக்கத்துக் கிர்க்கி தொழிற்சாலையில் செய்தது, சிலதில் 1940-களின் வருஷம். ஒரு தோட்டாவின் முனையைப் பிடுங்கிப் பார்த்தேன், உள்ளே குருணை மருந்து இல்லை, நூல் நூலாகக் கார்டைட் என்ற பழைய வகை மருந்து. யாரோ உட்கார்ந்து நிதானமாக, திறந்தவுடன் கண்ணில் படுகிற இடத்தில் நல்லதை வைத்து அடுக்கியிருக்கிறார்கள். இதைக் கைத்தவறு என்று என்னால் நம்ப முடியாது.

இந்தச் சரக்கைச் சேகரிப்பாளர்கள் அலமாரியில் வைத்து ரசிக்கட்டும், கிர்க்கி முத்திரை எனக்கும் பிடிக்கும். ஆனால் பிஓஎஃப் .303-ல் ஹேங்ஃபயர் பேர்போனது. குதிரையை (விசையை) இழுத்தால் 'டிக்' என்று மட்டும் கேட்கும், ஒரு கணம் கழித்துத்தான் வெடிக்கும். அந்த இடைவெளியில் வெடிக்கவில்லையே என்று ஒருவன் போல்ட்டைத் திறந்தால் முகத்திலேயே வெடிக்கும். அன்று சுட்டவர்களில் என் நண்பரின் மகனும் ஒருத்தன், இப்போதுதான் பழகுகிற பையன். அன்று ஒன்றும் நடக்கவில்லை. நடந்திருந்தால் என்று நினைக்கும்போதுதான் கை நடுங்குகிறது, 690 டாலரை நினைத்து அல்ல.

அதற்குப் பிறகு நடந்ததைக் கேளுங்கள். படங்களோடு மின்னஞ்சல் போட்டேன். "சர்ப்ளஸ் எல்லாவற்றையும் கரோசிவ் என்றே கருதிச் சுத்தம் செய்வது வாங்குபவர் பொறுப்பு" என்று இரண்டு வரி பதில். போனில் துணி இழுத்தால் போதும் என்று சொன்ன அதே ஆள்! திரும்ப எழுதினேன், பாதுகாப்புக் காரணத்தால் தோட்டாவைத் திரும்ப எடுப்பதில்லை என்றார்கள். போன் பண்ணினால் ஒரு பெண் எடுத்து, அவர் கன் ஷோவுக்குப் போயிருக்கிறார், வந்ததும் கூப்பிடுவார் என்றார். கூப்பிடவில்லை. மறுபடி போன் பண்ணினால் மறுபடி கன் ஷோ. கடைசியில் ஒரு மின்னஞ்சல், அடுத்த ஆர்டரில் 25 டாலர் தள்ளுபடி தருகிறார்களாம். 690 டாலரை வாங்கிக்கொண்டு 25 டாலர், அதுவும் அவர்களிடமே திரும்ப வாங்கினால்! இதற்கு நடுவில் விளம்பரத்திலிருந்து "நான்-கரோசிவ்" என்ற வார்த்தை காணாமல் போயிருந்தது. நான் வாங்கிய அன்றே பக்கத்தைப் படமெடுத்து வைத்திருந்தேன், அதை அனுப்பியதும் பதில் வருவதே நின்றுவிட்டது.

கார்டு கம்பெனியில் புகார் கொடுத்தேன். பொருளைத் திருப்பி அனுப்பிய ரசீது கொடு என்கிறார்கள். கடை வாங்க மாட்டேன் என்கிறது, கூரியரோ தனி ஆளிடமிருந்து தோட்டாப் பெட்டியை எடுக்க மாட்டேன் என்கிறது. எங்கே போய் ரசீது வாங்குவது? துப்பாக்கி பழுது பார்க்கிற கன்ஸ்மித்திடம் காட்டினேன். துருவை எடுத்துவிட்டார், ஆனால் ரைஃப்ளிங்கில் (குழலுக்குள் இருக்கிற திருகு வரிகள்) குழி விழுந்தது விழுந்ததுதான் என்றார். எண்பது வருஷம் தாங்கிய பேரல்.

என்ன செய்யலாம் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போதைக்குப் பொறுமை இல்லை. முக்கியமானது மட்டும். முத்திரைப் படம் ஒன்றிரண்டு காட்டினால் நம்பாதீர்கள், ஒரு பெட்டியை முழுதாகக் கொட்டி எல்லா அடியும் தெரிகிற மாதிரி படம் கேளுங்கள். வந்ததும் சுடுவதற்கு முன் ஒவ்வொரு தோட்டாவையும் திருப்பிப் பாருங்கள். போனில் சொன்னதை எழுத்தில் வாங்குங்கள். சந்தேகம் இருந்தால் சுட்ட அன்றே குழலிலும் போல்ட் முகத்திலும் வெந்நீர் ஊற்றிக் கழுவி, நன்றாகக் காய வைத்து, அதன் பிறகு எண்ணெய். 'டிக்' என்று மட்டும் கேட்டால் குழலை இலக்கின் பக்கமே வைத்துக் குறைந்தது 30 விநாடி போல்ட்டைத் தொடாதீர்கள்.

கடையின் பெயரை இங்கே கேட்காதீர்கள், புகார் இன்னும் நிலுவையில் இருக்கிறது. யாராவது இப்போது எச்எக்ஸ்பி .303 ஆன்லைனில் வாங்கப் போகிறீர்கள் என்றால், பணம் கட்டுவதற்கு முன் அந்த விளம்பரத்தை எனக்குத் தனியாக அனுப்புங்கள், அதே ஆளா என்று பார்த்துச் சொல்கிறேன்.