மழை நாளில் ஃபுளோரன்ஸா, போலோன்யாவா?

நவம்பரில் நானும் அம்மாவும் இத்தாலியில், ஃபுளோரன்ஸில் நாலு நாள் தங்கியிருந்தோம். மூன்றாம் நாள் காலையில் ஜன்னலைத் திறந்தால் அடைமழை, போனில் பார்த்தால் ராத்திரி வரைக்கும் விடாது போலிருந்தது. கையில் எந்த முன்பதிவும் இல்லை. ஃபுளோரன்ஸிலேயே இருந்து மிச்சமிருந்த அருங்காட்சியகங்களைப் பார்க்கலாம், அல்லது அதிவேக ரயிலில் ஏறினால் 40 நிமிடத்தில் போலோன்யா. நாங்கள் போலோன்யாவுக்குப் போனோம். இன்னொரு முறை இதே போல ஒரு நாள் மாட்டினாலும் அங்கேதான் போவேன்.

ஓவியம், சிற்பம் என்று மட்டும் பார்த்தால் இரண்டு ஊரையும் ஒப்பிடவே முடியாது, ஃபுளோரன்ஸ்தான். அதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் மழை பெய்தால் ஊரில் இருக்கிற அத்தனை பயணிகளும் அதே நாலைந்து கட்டடங்களைத்தான் தேடிப் போவார்கள். நேரம் குறித்த டிக்கெட் இல்லாமல் போனால் வரிசைதான். திங்கட்கிழமையாக இருந்தால் ஊரின் பெரிய கலைக்கூடங்களான உஃபீசி, அக்காதெமியா இரண்டுமே மூடியிருக்கும். ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: உஃபீசியை நாங்கள் முதல் நாளே, நல்ல வெயிலில் பார்த்துவிட்டோம். அதைப் பார்க்காமல் இருந்திருந்தால் இந்த முடிவு இவ்வளவு சுலபமாக இருந்திருக்காது. மழை நாளில் அதற்குள் கூட்டம் எப்படி இருக்கும் என்பதையும் நான் நேரில் பார்த்ததில்லை.

என்னை முடிவெடுக்க வைத்தது முந்தைய நாள் சாயங்காலம். சாந்தா குரோச்சே தேவாலயத்தில் பழங்கால ஓவியர் சிமாபூவே வரைந்த சிலுவை ஓவியத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். 1966 நவம்பர் 4 வெள்ளத்தில் வண்ணம் பெரும்பகுதி உரிந்துபோய், இன்று திட்டுத் திட்டாக நிற்கிற ஓவியம் அது. அம்மா அதன் முன்னாலிருந்து நகரவே இல்லை. வெளியே வந்தபோது தூறல் பிடித்துவிட்டது. தங்குமிடம் பதினைந்து நிமிட நடைதான். ஆனால் அந்தத் தெருக்களில் நடைபாதை ஒரு ஆள் அகலம். எதிரே யாராவது குடையோடு வந்தால் ஒருவர் சாலையில் இறங்கியே ஆக வேண்டும், இறங்கினால் வண்டி சேற்றுத் தண்ணீரை அடித்துவிட்டுப் போகும். நீட்டிக்கொண்டிருக்கும் கூரை விளிம்பிலிருந்து கொட்டுகிற தண்ணீர் நேராகக் குடை மேல். அம்மாவின் ஷூ மறுநாள் காலை வரை காயவில்லை.

மழை நாளில் எந்த ஊருக்குப் போவது என்று யோசிக்கும்போது எல்லோரும் கட்டடங்களைத்தான் எண்ணுகிறோம். ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்கு எப்படிப் போவோம் என்பதைக் கணக்கில் எடுப்பதில்லை. என்னைக் கேட்டால் அது ஒன்றுதான் முக்கியம், அதில் போலோன்யாவுக்குப் பக்கத்தில் ஃபுளோரன்ஸ் வர முடியாது.

காரணம் அங்கே இருக்கும் தூண் தாழ்வாரங்கள். போர்ட்டிகோ என்கிறார்கள். ஊர் முழுக்கச் சேர்த்து 62 கிலோமீட்டர், அதில் ஏறக்குறைய 40 கிலோமீட்டர் பழைய நகருக்குள்ளேயே. பல்கலைக்கழகத்துக்கு மாணவர்கள் வந்து குவிந்த காலத்தில் இடம் போதாமல் மாடி அறைகளைத் தெருப் பக்கமாக நீட்டிக் கட்டினார்கள், நீட்டியது சரியாமலிருக்க அடியில் கம்பம் நட்டார்கள், அப்படி ஆரம்பித்ததுதான் இது. மற்ற ஊர்கள் இந்த மாதிரி நீட்டல்களை இடிக்கச் சொன்னபோது, போலோன்யா 1288-ல் புது வீடு கட்டினால் தாழ்வாரம் வைத்தே தீர வேண்டும் என்று சட்டம் போட்டது. குதிரையில் வருபவர் தலை இடிக்காமல் போகிற உயரம் வேண்டும் என்றும் அதில் இருந்தது. இன்றைக்கும் தாழ்வாரத்தின் இடம் பெரும்பாலும் வீட்டுக்காரருடையது, நடக்கும் உரிமை ஊருக்கு. 2021-ல் இந்தத் தாழ்வாரங்கள் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன.

ரயில் நிலையத்துக்கு எதிரே சாலையைக் கடக்கும்போது நனைந்தோம். அப்புறம் விய தெல் இந்திபெந்தென்சா தெருவில் நுழைந்ததும் குடையை மடக்கியவர்கள், ஊர் நடுவே இருக்கும் மாஜோரே சதுக்கம் வரைக்கும் குறுக்குத் தெருக்களில் மட்டும்தான் விரித்தோம். பாதி வழியில் அம்மா, "இதை எதுக்குடா தூக்கிட்டு வந்தோம்?" என்று குடையைக் காட்டிக் கேட்டார். ஒரு கை தூரத்தில் மழை கொட்டுகிறது, இந்தப் பக்கம் ஒரு காபிக் கடைக்காரர் நாற்காலிகளைப் போட்டு வைத்திருக்கிறார், ஆட்கள் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறார்கள். முழங்கால் வலி உள்ள அம்மா அவசரமே இல்லாமல் நின்று நின்று நடந்தார். அதுதான் எனக்குப் பெரிய விஷயம்.

சதுக்கத்தை ஒட்டிய தாழ்வாரத்திலேயே ஆர்க்கிஜின்னாசியோ. பழைய பல்கலைக்கழகக் கட்டடம், சுவரெங்கும் மாணவர்களின் குலச் சின்னங்கள், மாடியில் உடலை அறுத்துக் காட்டிப் பாடம் நடத்திய, மரத்தாலான உடற்கூறு அரங்கு. 1944 ஜனவரியில் குண்டு விழுந்து சிதைந்ததை, கிடைத்த துண்டுகளைக் கொண்டே திரும்பக் கட்டியிருக்கிறார்கள்.

குறையும் உண்டு. சான் பெத்ரோனியோ தேவாலயத் தரையில் 1655-ல் வானியலாளர் காசினி அமைத்த 67 மீட்டர் நீள நண்பகல் கோடு இருக்கிறது, நண்பகலில் சூரிய ஒளி அதன் மேல் விழும். கூரைத் துளை வழியாக விழும் வெயில் வட்டம்தான் அதன் உயிர், மழையில் வெறும் கோட்டைத்தான் பார்க்க முடியும். பழைய சந்தைப் பக்கத்துச் சந்துகளில் தாழ்வாரம் கிடையாது, அங்கே நனைந்தோம், ஆனால் உள்ளே போய் உட்கார்ந்து சூடான சூப்பில் மிதக்கும் தொர்தெல்லினி (உள்ளே இறைச்சி வைத்த குட்டிப் பாஸ்தா) சாப்பிட்டதும் அது மறந்துபோனது. சான் லூகா குன்றுக்கு 666 வளைவுகளோடு ஏறும் 3.8 கிலோமீட்டர் தாழ்வாரத்தில் மெலோன்செல்லோ வளைவு வரைதான் நடந்தோம். அதற்கு மேல் ஏற்றம், அம்மாவின் முழங்கால் ஒத்துக்கொள்ளுமா என்று என்னால் சொல்ல முடியவில்லை.

தாழ்வாரத் தரை பல இடங்களில் மொசைக் போல வழவழவென்று இருக்கும், ஆட்களின் குடையிலிருந்து சொட்டிய இடத்தில் வழுக்குகிறது. பிடிமானம் உள்ள ஷூ போட்டுக்கொள்ளுங்கள். அதிவேக ரயிலுக்கு அன்றைக்கே டிக்கெட் எடுத்தால் விலை கூடுதலாக இருக்கும். சாதாரண ரயிலில் கட்டணம் எப்போதும் ஒன்றுதான், ஆனால் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும், பெரும்பாலும் பிராத்தோவில் மாறவும் வேண்டும்.