தடுப்பூசியா, காலிக் கொட்டகையா? பன்றிக்குட்டிகளின் இருமலுக்கு எது வழி?

பண்ணையில் இன்ஃபுளூயன்சா புகுந்தால் அதை யாரும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. ஓரிரு நாளில் கொட்டகை முழுக்கக் காய்ச்சலும் இருமலுமாகப் படுத்துவிடும். பன்றிக்கு நுரையீரல் அழற்சி தரும் மைக்கோபிளாஸ்மா ஹயோநியூமோனியே என்ற பாக்டீரியா அப்படி வராது. பால் குடிக்கும் நாட்களிலேயே தாயின் மூக்கிலிருந்து குட்டியின் மூக்குக்குப் போய்விடும். வறட்டு இருமல் காதில் விழுவதோ பெரும்பாலும் குட்டி வளர்ந்து பெரிய கொட்டகைக்கு மாறிய பிறகுதான். மூச்சுக்குழாயில் தூசியைத் தள்ளிவிடும் மெல்லிய மயிரிழைகளை இந்தக் கிருமி அழித்துவிடுகிறது. அப்புறம் பாஸ்டுரெல்லா போன்ற வேறு பாக்டீரியாக்கள் நுரையீரலுக்குள் எளிதாக இறங்கிவிடுகின்றன. ஒருமுறை தொற்றிய பன்றி 200 நாட்களுக்கு மேலும் கிருமியைப் பரப்பக்கூடும் என்பதை மனதில் வைத்துக்கொண்டுதான் வழிகளை எடைபோட வேண்டும்.

பலரும் முதலில் நாடுவது தடுப்பூசி. குட்டிக்கு ஒன்று முதல் மூன்று வாரம் ஆகும்போது போடுகிறார்கள். இருமல் குறையும், நுரையீரல் புண் குறையும், எடை நன்றாக ஏறும். செலவுக்கு ஏற்ற பலன் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் ஊசி போட்ட குட்டிக்கும் கிருமி தொற்றும், அதனிடமிருந்து அடுத்த குட்டிக்கும் பரவும். ஊசி நோயின் கடுமையைத்தான் குறைக்கிறது, பரவலை அதிகம் தடுப்பதில்லை.

பரவலைத் தடுப்பது கொட்டகையை நடத்தும் முறை. ஒரே வயதுக் குட்டிகளை ஒன்றாக உள்ளே விட்டு, ஒன்றாக வெளியே அனுப்பி, இடையில் கொட்டகையைக் கழுவி, கிருமிநாசினி தெளித்து, நன்றாகக் காயவிடும் முறையைச் சொல்கிறேன். என் ஓட்டு இதற்குத்தான். இந்தக் கிருமி மெதுவாகப் பரவுவது என்பதால், மூத்த குட்டிகள் கண்ணில் படாமல் வளரும் கூட்டத்தில் அது பெருகுவதற்குள் வாரங்கள் ஓடிவிடும். இடம் காலியாக ஆகத் தனித்தனியாகக் குட்டிகளைச் சேர்த்துக்கொண்டே போகும் பண்ணையில் அந்த இடைவெளியே கிடையாது. நேற்று வந்த குட்டியின் பக்கத்திலேயே மூன்று மாதப் பன்றி இருமிக்கொண்டிருக்கும்.

இந்த முறையைக் கெடுப்பது பெரும்பாலும் நம் இரக்கம்தான். எடை குறைந்து பின்தங்கிய நாலு குட்டிகளை, ‘பாவம், இன்னும் கொஞ்ச நாள் தேறட்டும்’ என்று அடுத்த கூட்டத்தோடு நிறுத்திவைப்போம். அந்த நாலுதான் பழைய கூட்டத்தின் நோயைப் புதிய கூட்டத்துக்குக் கொண்டுபோகும். பால் குடிக்கும் குட்டிகளைத் தாய் மாற்றித் தாய் தத்துக் கொடுப்பதிலும் இதே ஆபத்து உண்டு. பன்றிகளுக்குக் கருச்சிதைவும் மூச்சுக்கோளாறும் தரும் பி.ஆர்.ஆர்.எஸ். வைரஸை அமெரிக்காவில் கட்டுப்படுத்த 1990களில் உருவான மெக்ரெபெல் முறை, பிறந்த முதல் 24 மணி நேரத்துக்குப் பிறகு தத்து மாற்றமே கூடாது என்கிறது. கேட்கக் கடுமையாக இருந்தாலும் அது சரி.

தாயிடமிருந்து சீக்கிரமே பிரித்துவிடுவது இன்னொரு வழி. 1980 வாக்கில் பிரிட்டனில் தாய்க்கும் குட்டிக்கும் மருந்து கொடுத்து, சுமார் 5 நாளிலேயே குட்டிகளைப் பிரித்துப் பார்த்தார்கள். நோய் குறைந்தது உண்மை. ஆனால் அவ்வளவு சின்னக் குட்டியை வளர்த்தெடுப்பது பெரும்பாடு, குட்டிக்கும் வேதனை. இன்று ஐரோப்பிய ஒன்றியத்தில் 28 நாளுக்கு முன் பிரிக்கக் கூடாது. முழுக்கக் காலியாக்கிச் சுத்தம் செய்த கொட்டகைக்கு மாற்றினால் மட்டும் 7 நாள் வரை முன்னதாகப் பிரிக்கச் சலுகை. சட்டமே காலிக் கொட்டகையைத்தான் நம்புகிறது!

கடைசியாக, நோயை வேரோடு எடுத்துவிடும் சுவிட்சர்லாந்து வழி. இனப்பெருக்கப் பண்ணைகளில் இளம் பன்றிகளை எல்லாம் வெளியேற்றி, சுமார் இரண்டு வாரம் பிரசவமே இல்லாதபடி திட்டமிட்டு, மிஞ்சிய மூத்த பன்றிகளுக்கு ஆன்டிபயாட்டிக் கொடுத்தார்கள். கொழுக்கவைக்கும் பண்ணைகளை மொத்தமாகக் காலி செய்தார்கள். 1996 முதல் 2004 வரை நாடு முழுக்க இது நடந்தது, நோய் மிக அரிதாகிவிட்டது. வருடா வருடம் ஊசி போடும் செலவோடு ஒப்பிட்டால் இதுவே நிரந்தரம்.

ஆனால் தனியொரு பண்ணை மட்டும் இதில் இறங்கினால் காசு வீணாகலாம். அமெரிக்காவின் மினசோட்டாவில் நடந்த ஆய்வில், இந்தக் கிருமி காற்றில் சுமார் 9 கிலோமீட்டர் தள்ளிக்கூடக் கிடைத்தது. சுவிட்சர்லாந்திலேயே சுத்தமான சில பண்ணைகளுக்கு, நோயுள்ள பக்கத்துப் பண்ணையாலும் அருகே நிறுத்திய பன்றி லாரிகளாலும் நோய் திரும்பி வந்தது. அதனால்தான் அவர்கள் வட்டாரம் வட்டாரமாக, அக்கம்பக்கத்துப் பண்ணைகளைச் சேர்த்தே காலி செய்தார்கள்.