நிலவறைக்கு எபாக்சி தளம்: கார்த்திகை மழையில் சோதித்துப் பார்த்துவிட்டுப் போடுங்கள்

தேவகோட்டையில் வீடு கட்டிக்கொண்டிருக்கும் அண்ணன் போனில் கேட்டார்: "உன் வீட்டு நிலவறையில் எபாக்சி போட்டாயே, நானும் போடலாமா வேண்டாமா?" போனில் சொல்லி முடிகிற விஷயமில்லை. அவரைப் போல யோசிக்கிறவர்கள் இன்னும் சிலர் இருப்பார்கள் என்பதால் விவரமாகவே எழுதுகிறேன். எபாக்சி என்பது இரண்டு பாகமாக வரும் பிசினைக் கலந்து தரையில் ஊற்றி இறுகவிடும் பூச்சு.

எங்கள் வீடு காரைக்குடியில், ஊருணிக்குப் பக்கத்தில். மனை சரிவாக இருந்ததால் பின்கட்டுக்குக் கீழே பாதி மண்ணுக்குள் இறங்கிய மாதிரி ஓர் அறை கிடைத்தது. சீர் சாமான், வெண்கலப் பானை, எவர்சில்வர் அடுக்கு, அரிசி மூட்டை எல்லாம் அங்கேதான். முதலில் வெறும் சிமெண்ட் தளம். மழைக்காலத்தில் வெள்ளையாக உப்புப் பூக்கும். கூட்டக் கூட்டத் தூசி வந்துகொண்டே இருக்கும். மேலே ஹாலில் ஆத்தங்குடிக் கல் பதித்திருக்கிறோம். நடக்க நடக்க மெருகேறுகிறது. ஆனால் அதுவும் சிமெண்ட்தான், ஓதத்தை, அதாவது மண்ணிலிருந்து ஏறும் ஈரத்தை, உறிஞ்சி உப்பைக் கக்கும், கீழே வேண்டாம் என்று கொத்தனாரே சொல்லிவிட்டார். அப்படித்தான் எபாக்சிக்கு வந்தோம்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். சாம்பல் நிறம், 2 மி.மீ. கனம், தானாகச் சமன்படும் வகை. இடுக்கே இல்லாத தரை. தூசி அன்றோடு நின்றது. நல்லெண்ணெய் டின் கவிழ்ந்தபோது பழைய துணியால் துடைத்தோம், கறைகூட இல்லை. நான் எதிர்பார்க்காதது வெளிச்சம். ஒரே ஒரு டியூப் லைட் போட்டால் தரையில் பட்டு அறை முழுக்கப் பரவுகிறது. இருட்டுக்குப் பயந்து படி இறங்காமல் இருந்த ஆத்தா, இப்போது தானே போய் வேண்டிய பானையை எடுத்து வருகிறார். எனக்கு அது பெரிய சந்தோஷம். ஈரக்காலோடு நடந்தால் வழுக்கும் என்பதால் படியோரம் மட்டும் மணல் தூவிப் பூசச் சொல்லுங்கள். வெயில் பட்டால் மஞ்சளடிக்கும் என்பார்கள். நிலவறைக்கு அந்தக் கவலை இல்லை.

அப்புறம் அந்தக் கொப்புளங்கள். தளம் போட்ட ஆண்டே, ஐப்பசி மழையில் ஊருணி நிரம்பியதும் மேற்குச் சுவரோரம் கடலைப் பருப்பு அளவில் கிளம்பின. கார்த்திகைக்குள் ரூபாய்க் காசு அளவுக்கு வந்துவிட்டன. ஊசியால் குத்தினால் பழுப்பு நிறத்தில் பிசுபிசுவென்று ஒரு நீர் பீறிட்டு வரும். விரலில் பட்டால் வழவழக்கும். போட்டுக் கொடுத்தவரைக் கூப்பிட்டுக் காட்டினோம். "தண்ணீர் ஊற்றிக் கழுவியிருப்பீர்கள்" என்றார். ஒரு சொட்டு ஊற்றியதில்லை!

நடந்தது இதுதான். கான்கிரீட் பார்க்கத்தான் கெட்டி, உள்ளே நுண்துளைகள் நிறைய. மண்ணின் ஈரம் அதன் வழியே மேலே ஏறிக்கொண்டே இருக்கும். வெறும் தரையாக இருந்தால் காற்றில் உலர்ந்துவிடும். உப்பு மட்டும் வெளியே தெரியும். எபாக்சி அந்த வழியை அடைத்துவிடுகிறது. உப்பும் சிமெண்டின் காரமும் கரைந்த நீர் பூச்சுக்கு அடியில் தேங்கி, மேலும் ஈரத்தை இழுத்து, அழுத்தம் கூடிப் பூச்சைத் தூக்கிவிடுகிறது. 'ஈரம் தாங்கும்' என்று விற்கிறார்களே, அது மேலே கொட்டும் தண்ணீருக்குத்தான். கீழிருந்து வரும் ஈரத்துக்குத் தனியாக ஓதத்தடை பிரைமர் (அடிப்பூச்சு) வேண்டும். கேட்டேன். "தேவையில்லை" என்று சொன்னார்கள்.

எனக்கு ஆறாத கோபம் இதில்தான். அவர்கள் சோதனைக்கு வந்தது சித்திரையில். மீட்டரை வைத்து, ஈரம் 4 சதவீதத்துக்குக் கீழே, பிரமாதம் என்றார்கள். சித்திரையில் எங்கள் செம்மண்ணில் எந்தத் தரைதான் காயாமல் இருக்கும்? இதே ஊர்ப் பக்கத்தில் தொழில் செய்கிறவர்களுக்கு ஐப்பசி, கார்த்திகை தெரியாதா?

அண்ணே, சோதனைக்குப் பெரிய செலவெல்லாம் இல்லை. 18 அங்குலச் சதுரத்தில் கெட்டியான பாலித்தீன் ஷீட்டைத் தரையில் விரித்து, நாலு பக்கமும் டேப் ஒட்டி, குறைந்தது 16 மணி நேரம் விடுங்கள். பிரித்துப் பார்க்கும்போது அடியில் நீர் முத்து கோத்திருந்தாலோ, தரை கறுத்திருந்தாலோ ஓதம் இருக்கிறது. நல்ல மழை பெய்து ஊருணி நிரம்பிய பிறகு செய்யுங்கள். அறை நடுவில் ஒன்று, சுவரோரம் ஒன்று. ஷீட் காய்ந்திருந்தாலும் முழுசாக நம்பிவிடக் கூடாது. கான்கிரீட்டில் துளையிட்டு உள்ளே இருக்கும் ஈரப்பதத்தை அளப்பதுதான் உறுதியான வழி.

போன கோடையில் வேறு ஆட்களை வைத்து மேற்குச் சுவரோரம் கான்கிரீட் தெரியும்வரை கிரைண்டிங் செய்து, எபாக்சியும் சிமெண்டும் கலந்த மூன்று பாகக் கலவையை ஓதத்தடையாகப் போட்டு, மேலே புதுப்பூச்சு பூசினோம். இந்த மழைக்கு அங்கே ஒன்றும் கிளம்பவில்லை, வேலை சுத்தம். ஆனால் புது நிறம் பழைய நிறத்தோடு சேரவில்லை. இறங்கியதும் அந்தக் கோடுதான் கண்ணில் படுகிறது. கோட்டுக்கு இந்தப் பக்கம், பழைய பூச்சில், புதிதாக இரண்டு கொப்புளம்.

அதனால் என் பதில்: இப்போதைக்குப் போடாதீர்கள். ஆத்தாவைக் கேட்டால் இதைவிட நல்ல தரை இல்லை என்பார், அதுவும் பொய்யில்லை. ஆனால் உங்களுக்கு இன்னும் கான்கிரீட்டே போடவில்லை. எனக்குக் கிடைக்காத வாய்ப்பு அது. கான்கிரீட்டுக்கு அடியில் கனமான பாலித்தீன் ஷீட்டை ஓரம் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி விரிக்கச் சொல்லுங்கள். மண் தொடும் சுவருக்கு வெளிப்பக்கம் நீர்த்தடை பூசி, மழைத்தண்ணீர் ஓட வாய்க்கால் எடுங்கள். கான்கிரீட் போட்டு 28 நாள் ஆனதும் எபாக்சிக்காரர் வந்து நிற்பார், திருப்பி அனுப்பிவிடுங்கள். ஒரு கார்த்திகை போகட்டும். அதுவரை வெறும் சிமெண்ட் தரையே இருக்கட்டும், சாமானை மரப்பலகை மேல் அடுக்கிக்கொள்ளலாம்.