எல்லாம் நல்லாத்தான் இருக்கு, அந்த ‘டொய்ங்’தான் பிரச்சினை

விலை இறங்கியதிலிருந்து ஒரே கேள்விதான் வந்துகொண்டிருக்கிறது: “குடும்பத்தோட ட்ரவுட் மீன் பிடிக்கப் போறோம், அந்த உருளை ப்ளூடூத் ஸ்பீக்கரை வாங்கலாமா?” வாட்ஸ் எவ்வளவு, எடை எவ்வளவு என்பதெல்லாம் விற்கிற பக்கத்திலேயே இருக்கிறது. இங்கே சொல்லப்போவது, ஹிமாச்சலில் தீர்த்தன் ஆற்றங்கரையில், ஃப்ளை (பூச்சி போலக் கட்டிய தூண்டில்) வீசும் ராடும் பிள்ளைகளும் ஈரமும் மணலுமாக இருக்கிற இடத்தில், வெகுநாள் புழங்கிய பிறகு அது எப்படி இருக்கிறது என்பதை மட்டும்.

திட்ட வேண்டியதை முதலிலேயே திட்டிவிடுகிறேன். பவர் பட்டனை அழுத்தினால் அடிவயிற்றிலிருந்து ஒரு ‘டொய்ங்’. அணைத்தால் இன்னொன்று. ஃபோன் இணைந்தால் ஒன்று, துண்டித்தால் ஒன்று, வால்யூம் உச்சத்தைத் தொட்டால் ஒன்று. சார்ஜ் இறங்கினால் ஓர் அம்மணி ஆங்கிலத்தில் அறிவிக்கிறார். பாட்டின் வால்யூமை அடிமட்டத்தில் வைத்திருந்தாலும் இந்தச் சத்தங்கள் ஒரு புள்ளி கூடக் குறையாது. செயலியில் இதை நிறுத்த வழியில்லை. அப்டேட்டில் ஈக்வலைசருக்குப் புதிதாக வண்ணப் பொத்தான்கள் வந்தன. இதை யாரும் தொடவில்லை. காலை ஐந்தரை மணிக்கு, தீர்த்தன் கரை ஊரான குஷைனி பக்கத்துப் பள்ளத்தாக்கில், இரண்டு பக்கமும் மலைச்சுவர். அந்த நேரத்தில் இதை ஆன் செய்பவரை ஹோம்ஸ்டேயில் தூங்குகிற எல்லோரும் வாய்க்குள் வாழ்த்துவார்கள்.

தூக்கம் போவதோடு போனால் பரவாயில்லை, மீனும் போகிறது. இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். “பாட்டுப் போட்டால் மீன் ஓடிவிடும்” என்று கரையில் நிற்கும் பெரியவர்கள் சொல்வது பாதிதான் சரி. காற்றில் வருகிற ஒலி நீர்ப்பரப்பில் படும்போது அதன் ஆற்றலில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்குதான் உள்ளே இறங்கும். மீதி அப்படியே மேலே திரும்பிவிடும். மரக்கிளையில் தொங்கவிட்ட ஸ்பீக்கரில் புல்லாங்குழல் ஓடினால் கீழே நிற்கும் ட்ரவுட்டுக்கு ஒன்றும் தெரியாது. அதே ஸ்பீக்கரைக் கரைப்பாறை மேல் வைத்தால் கதை வேறு. இரு முனையிலும் துடிக்கிற பேஸ் ரேடியேட்டரின் (அடிச்சத்தத்தைக் கூட்டும் சவ்வு) அதிர்வு பாறை வழியாக நேரே தண்ணீருக்குள் இறங்குகிறது. ட்ரவுட்டுக்கு உயர்ந்த சுருதி கேட்காது. சில நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழேதான் அதன் செவி. அதற்கும் அடியில் வரும் அதிர்வை, உடம்பின் இரு பக்கமும் கோடாக ஓடும் பக்கக்கோட்டு உறுப்பு பிடித்துக்கொள்ளும். விடியற்காலையில் மீன் கரையை ஒட்டி, முழங்கால் ஆழத்தில்தான் மேயும். அந்த நேரத்தில் பாறை மேல் ஒரு ‘டொய்ங்’ விழுந்தால் அரை மணி நேரத்துக்கு அந்த ஓரத்தை மறந்துவிடலாம். (பிள்ளைகள் பாறைக்குப் பாறை குதிப்பது இதைவிட மோசம். அதற்கு அப்டேட் எதுவும் வராது.)

வழி என்னவென்றால், அறையிலேயே ஸ்பீக்கரைத் துண்டில் இறுகச் சுற்றி, மெத்தை மேல் வைத்து ஆன் செய்ய வேண்டும். அப்படியே பையில் போட்டு எடுத்துப் போகலாம். ஆனால் ஒலி எதுவும் வராமல் கால் மணி நேரம் போனால் அது தானே அணைந்துவிடும், அணையும்போதும் சத்தம் போடும். அதனால் பாட்டை நிறுத்தாமல், மெல்லிய தம்பூரா சுருதியையோ மழைச் சத்தத்தையோ மிகக் குறைந்த வால்யூமில் திரும்பத் திரும்ப ஓடவிட வேண்டும். விழித்தே இருக்கும். ஒரு ஸ்பீக்கரைத் தூங்கவிடாமல் பார்த்துக்கொள்வதற்கு இவ்வளவு ஏற்பாடு.

சரி, நியாயமாகவும் பேசுவோம். உடம்பு கெட்டி. நீர், தூசு தாங்கும் தரம் ஐபி67. அதில் முதல் எண் தூசுக்கு, இரண்டாவது எண் ஒரு மீட்டர் நன்னீரில் அரை மணி நேரம். அது அசையாத நீரில் செய்த சோதனை. ஆற்றின் இழுப்பும் அதில் கலந்து வரும் வண்டலும் கணக்கில் இல்லை. இந்த மாடல் மிதக்காது, அதனால் கொக்கியோடு இரண்டடிக் கயிறு கட்டாமல் கரைக்குக் கொண்டுவரக் கூடாது. இவ்வளவுக்கும் தண்ணீரால் அது கெட்டதில்லை. கெடுப்பது நுண்மணல்தான். பனி உருகி வரும் மே, ஜூன் நீரில் மைக்காத் துகள் மின்னிக்கொண்டு வரும். அது முனை ரேடியேட்டரின் விளிம்பில் புகுந்தால், பாடகர் தொண்டையில் சளி கட்டினது போல ஒரு கரகரப்பு. பிரித்து மேய வேண்டியதில்லை. சார்ஜ் துளையின் மூடி சரியாக அமர்ந்திருக்கிறதா பார்த்துவிட்டு, ஒரு மக்குத் தண்ணீரில் முனையைக் கீழாக வைத்து மெதுவாக அலசி, அதே நிலையில் நிழலில் காயவிட்டால் போய்விடும். விரலால் ரேடியேட்டரை அழுத்தினால் ஓரம் கிழியும். மாற்றிக் கொடுக்க ஆளில்லை. சார்ஜ் துளைக்குள் ஈரம் இருந்தால் சார்ஜ் ஏறாது, அதற்கும் ஒரு பீப். காதுக்குப் பஞ்சு வைக்கும் குச்சியை உள்ளே விடாதீர்கள். நூல் சிக்கிக்கொள்ளும். ஒருமுறை உதறிவிட்டு, மூடியைத் திறந்துவைத்து இரவு முழுக்க விடுங்கள்.

பேட்டரி 12 மணி நேரம் என்று பெட்டியில் போட்டிருக்கிறது. அது பாதி வால்யூமில், அறைக்குள். பாறைகளுக்கு நடுவே பாயும் ஆறு எல்லா அலைவரிசையிலும் இரைகிறது. அந்த இரைச்சல் முதலில் விழுங்குவது பாட்டின் வார்த்தைகளை, பிறகு புல்லாங்குழலின் காற்றை. தவிலும் பேஸ் கிதாரும்தான் தப்பிக்கும். அதனால் எல்லோரும் வால்யூமை ஏற்றுவார்கள், ஐந்தாறு மணி நேரத்தில் அம்மணி பேசத் தொடங்கிவிடுவார். ஏற்றுவதற்குப் பதில் கிட்டக் கொண்டுவாருங்கள். தூரம் பாதியானால் ஆறு டெசிபெல் கூடும். பையின் தோள்வாரில், இடுப்பு உயரத்தில் தொங்கவிட்டால் கால் பங்கு வால்யூமே போதும். காலைக் குளிரிலும் சார்ஜ் சீக்கிரம் இறங்கினாற்போல் காட்டும், வெயில் ஏறினால் கொஞ்சம் மீளும். உறைகுளிரில் மட்டும் சார்ஜ் போடாதீர்கள், லித்தியம் பேட்டரிக்கு அது நிரந்தரச் சேதம்.

ஃபோனை வேடர் (ஆற்றில் இறங்கப் போடும் நீர்ப்புகாக் கால்சட்டை) பாக்கெட்டில் போட்டுக்கொண்டு ஆற்றில் இறங்கினால் பாட்டு வெட்டி வெட்டி வரும். ப்ளூடூத் அலையை மனித உடம்பும் தண்ணீரும் உறிஞ்சிவிடும். ஸ்பீக்கர் முதுகுப்பக்கம் இருந்தால் பத்தடியிலேயே அறுபடும். அறுபட்டால் சத்தம், சேர்ந்தால் சத்தம். ஃபோனை ஸ்பீக்கரோடு ஒரே பையில் வைத்துவிடுங்கள். பாட்டுகளை முன்கூட்டியே இறக்கிக்கொள்ளுங்கள், அந்தப் பள்ளத்தாக்கில் நெட்வொர்க்கை நம்ப முடியாது.

இனி, நான் எதிர்பார்க்காத ஒரு நல்ல விஷயம். பிள்ளைகளுக்கு ஃப்ளை வீசக் கற்றுத்தர இதைவிட நல்ல கருவி கிடைக்காது. கற்பவர்கள் எல்லோரும் செய்கிற தவறு ஒன்றுதான்: பின்வீச்சில் நூல் முழுக்க நீள்வதற்கு முன்பே முன்னால் இழுத்துவிடுவது. அப்போது பின்னால் சாட்டை சொடுக்கினதுபோல் சத்தம் கேட்கும். ஃப்ளை போயிற்று என்று அர்த்தம். “பொறு, பொறு” என்று கத்தினால் எந்தப் பிள்ளையும் பொறுக்காது. தாளம் சொன்னால் பொறுக்கும். நிமிடத்துக்கு 100 தாளத் தட்டு அளவில், மூன்று மூன்றாக எண்ணி ஓடும் (திஸ்ரம், ‘தகிட’) பாட்டு ஒன்றைப் போடுங்கள். தட்டுக்கு ஓரெழுத்து. ‘த’வில் ராடைப் பின்னால் எடுத்து, கடிகாரத்தில் ஒரு மணி காட்டும் முள்ளின் சாய்வில் சட்டென நிறுத்த வேண்டும், ‘கி’யில் சும்மா இருக்க வேண்டும், ‘ட’வில் முன்னால் கொண்டுவந்து பத்து மணி முள்ளில் நிறுத்த வேண்டும். இருபது, இருபத்தைந்தடி நூலுக்கு இந்தக் கணக்கு பொருந்தும். நாற்பதடி போனால் திஸ்ரம் போதாது, தகதிமி வேண்டும்: ‘த’ பின்னால், ‘க, தி’ காத்திருப்பு, ‘மி’ முன்னால். குத்துப்பாட்டு மட்டும் வேண்டாம். 140, 150 வேகத்தில் பிள்ளைகள் ராடைச் சுழற்றினால் லீடரில் (நூல் முனையில் கட்டும் மெல்லிய நரம்பு) காற்று முடிச்சு, அதாவது வீச்சில் தானாக விழும் முடிச்சு, விழும். அந்த முடிச்சு டிப்பெட்டின் (ஃப்ளையைக் கட்டும் கடைசி மெல்லிய துண்டு) பலத்தைப் பாதியாக்கிவிடும். விழுந்தால் பல்லால் அவிழ்த்துக்கொண்டிராமல் வெட்டிவிட்டுப் புதிதாகக் கட்டுவதே மேல். பாட்டை நிறுத்தின பிறகும் சின்னவள் உதட்டுக்குள் ‘தகிட’ சொல்லிக்கொண்டு வீசுகிறாள், நூலும் நேராகப் போகிறது. இதற்காகவே ஸ்பீக்கர் போட்ட காசுக்குச் சரி.

பிள்ளைகளுக்கு எட்டடி, நான்காம் எண் (நூலின் எடைக்கான எண்) ராட், ஏழரை அடி லீடர். பெரியவர்களுக்கு ஒன்பதடி, ஐந்தாம் எண், மிதக்கும் நூல், ஒன்பதடி லீடர். டிப்பெட்டுக்கு எளிய கணக்கு: ஃப்ளையின் அளவு எண்ணை மூன்றால் வகுத்தால் வருவதுதான் எக்ஸ் எண், அதாவது டிப்பெட்டின் பருமனுக்கான எண். 14-க்கு 5எக்ஸ், 12-க்கு 4எக்ஸ். ஃப்ளை வகை: தெளிந்த நீரில் ஃபெசன்ட் டெய்ல், ஹேர்ஸ் இயர் நிம்ஃப். மாலையில் பூச்சி பறந்தால் எல்க் ஹேர் கேடிஸ். கலங்கினால் 8, 10 எண்ணில் கறுப்பு உல்லி பக்கர். கொக்கி முள்ளைக் குறட்டால் நசுக்கிவிடுங்கள், மீனை விடுவதற்கு மட்டுமில்லை, பிள்ளையின் காதிலிருந்து எடுப்பதற்கும் அதுதான் வசதி. தொப்பியும் கண்ணாடியும் இல்லாமல் யாரும் ராடுக்கு இருபதடிக்குள் நிற்கக் கூடாது. மீன்வளத் துறையின் உரிமச்சீட்டு கையில் இருக்க வேண்டும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை ட்ரவுட் ஆறுகளில் பிடிக்கத் தடை. ஜூலை, ஆகஸ்டில் மழைக் கலங்கல். குடும்பத்தோடு போக மார்ச் கடைசி, ஏப்ரல், இல்லையென்றால் செப்டம்பர் பின்பாதியிலிருந்து அக்டோபர். ஊட்டிப் பக்கத்தில் அவலாஞ்சியில் 1907-லேயே ட்ரவுட் பொரிப்பகம் வைத்தார்கள், ஏன் ஹிமாச்சல் வரை என்று கேட்பவர்களுக்கு: அங்கே வனத்துறைக் கட்டுப்பாடுகளைத் தாண்டி நிற்க இடம் கிடைத்தால் நல்லதுதான்.

வால்யூம் விஷயத்தில் இன்னொன்று, இது விளையாட்டில்லை. தீர்த்தன் பியாஸ் ஆற்றோடு போய்ச் சேரும் லார்ஜி என்ற ஊரில் அணை இருக்கிறது. 2014 ஜூனில் லார்ஜி அணையிலிருந்து திறந்துவிட்ட நீர் பியாஸ் ஆற்றில் ஹைதராபாத் பொறியியல் மாணவர்கள் 24 பேரை அடித்துப் போனது. அணைக்குக் கீழே ஆற்றுப்படுகையில் இறங்கவே கூடாது, ஸ்பீக்கர் இருந்தாலும் இல்லாவிட்டாலும். மேலே, அணையில்லாத தீர்த்தனிலும் மலைமேல் மழை பெய்தால் நீர் ஏறும். முதல் அறிகுறி நிறம் மாறுவது, சருகும் குச்சியும் மிதந்து வருவது. அதோடு அடியில் கல் உருளும் கடகட ஓசை. அந்தக் கடகடப்பும் ஸ்பீக்கரின் பேஸும் ஒரே இடத்தில் ஒலிப்பவை. இருபதடி தள்ளி நிற்பவர் கூப்பிட்டால் காதில் விழ வேண்டும். விழவில்லையென்றால் பாட்டு அதிகம். இயர்ஃபோன் போட்டுக்கொண்டு தண்ணீரில் இறங்குபவரைக் கரையேறச் சொல்லுங்கள்.

கெட்டியான உடம்பு, நல்ல ஒலி, ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் பல சீசன் உழைக்கும், பிள்ளைகளுக்கு வாத்தியாராகவும் இருக்கும். ஐந்துக்கு இரண்டு. ஆமாம், இரண்டுதான். கூட்டிப் பார்த்தால் நான்கு வரும், தெரியும். தினமும் பலமுறை தொடுகிற பட்டன் தினமும் பலமுறை எரிச்சலூட்டினால், மீதிப் பெருமையை யார் எண்ணிக்கொண்டிருப்பார்கள்? இந்த விலையிறக்கத்தில் இதை வாங்காதீர்கள். இதே ஆட்களின் முந்தைய மாடல், பக்கவாட்டில் தள்ளுகிற சுவிட்ச் வைத்தது, கடைகளில் இன்னும் கிடைக்கிறது. தள்ளினால் ஒரு சின்ன பச்சை விளக்கு எரியும், அவ்வளவுதான். அதில் பழைய மைக்ரோ யூஎஸ்பி துளை, இந்தக் காலத்து ஃபோன் கேபிள் சேராது. தீர்த்தன் போகும் வழியில் ஔட் ஊரைத் தாண்டினால் கடைகள் குறைவு, கேபிளை ஊரிலிருந்தே எடுத்துப் போய்விடுங்கள்.