அங்ககச் சான்று: வாங்கிய பிறகு எது சுலபம்?

ரசாயன உரமும் மருந்தும் இல்லாமல் விளைவித்தது என்பதற்கான அங்ககச் சான்று எப்படி வாங்குவது என்று கேட்பவர்கள் ஏராளம். வாங்கிய அடுத்த வருஷம் என்ன செய்வது என்று கேட்பவர்கள் குறைவு. இதில் இரண்டு வழி: வெளி ஆய்வாளர் வந்து பார்க்கும் என்பிஓபி (தேசிய அங்கக உற்பத்தித் திட்டம்), விவசாயிகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளும் பிஜிஎஸ் (பங்கேற்பு உத்தரவாத முறை). இரண்டும் பிரிகிற இடமே அதுதான்.

என்பிஓபி 2001-ல் மத்திய வணிக அமைச்சகம் கொண்டுவந்தது, அதன் கீழுள்ள ஏற்றுமதி மேம்பாட்டு ஆணையமான அபெடா நடத்துகிறது. நெல்லுக்கு விதைப்புக்கு முன் 2 வருஷம் மாறுதல் காலம், அதாவது ரசாயனத்தை விட்டு அங்கக முறைக்கு மாறும் காலம். அதைத் தாண்டி சான்று கைக்கு வந்தாலும் சான்று நிறுவனத்தின் ஆய்வாளர் வருஷா வருஷம் வருவார். வயலைச் சுற்றி வந்ததும் நோட்டைக் கேட்பார். வேப்பம் புண்ணாக்கு எத்தனை மூட்டை, பில் எங்கே? அறுத்தது எவ்வளவு, விற்றது எவ்வளவு, வீட்டுக்கு வைத்தது எவ்வளவு? கணக்கு இடித்தால் தொலைந்தோம். வாடகைக்கு எடுத்த தெளிப்பான் டேங்கில் முந்தின நாள் யாரோ களைக்கொல்லி அடித்திருப்பார்கள். கழுவினால் மட்டும் போதாது, கழுவியதைத் தேதி போட்டு எழுதவும் வேண்டும். நம்மில் பலர் சறுக்குவது இந்த எழுத்து வேலையில்தான். சரக்கு கைமாறும்போது, அது அங்ககச் சரக்குதான் என்று காட்டும் பரிவர்த்தனைச் சான்று வேறு.

பிஜிஎஸ் வேளாண் அமைச்சகத்தின் திட்டம். குறைந்தது 5 விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து, ஒருவர் வயலை மற்றவர்கள் பார்த்துப் படிவம் நிரப்புவார்கள். மாறுதல் காலத்தில் பிஜிஎஸ்-கிரீன், முடிந்ததும் பிஜிஎஸ்-ஆர்கானிக். செலவு ரொம்பக் குறைவு. ஆனால் ஏற்றுமதிக்கு இது செல்லாது. உள்நாட்டு விற்பனைக்கு மட்டும்தான்.

கேட்க சுலபம்தான். ஆனால் பக்கத்து வயல்காரர் நம் மகள் கல்யாணத்துக்கு முந்தின நாளே வந்து வாழைமரம் கட்டியவர். அவர் கொட்டகையில் யூரியா மூட்டை கண்ணில் பட்டால், படிவத்தில் எழுதக் கை வருமா? என்பிஓபியில் பில் கட்டுதான் தலைவலி. இங்கே முகதாட்சண்யம். பில்லையாவது ஒரு டப்பாவில் போட்டு வைத்துவிடலாம்.

வெளிநாட்டுக்கு அனுப்புகிறவருக்கு யோசனையே வேண்டாம், என்பிஓபிதான். வாரச் சந்தைக்கும் டவுன் கடைக்கும் சீரகச் சம்பா கொடுக்கிற 2 ஏக்கர்காரருக்கு, என்னைக் கேட்டால், பிஜிஎஸ் போதும். ஒன்று மட்டும்: 'அண்ணே, இது தப்பு' என்று நேருக்கு நேர் சொல்லக்கூடிய ஆள் ஒருவராவது குழுவில் இருக்க வேண்டும். அப்படி யாரும் இல்லாத ஊரில், காசு கட்டி என்பிஓபி வழியில் வெளியாளைக் கூப்பிடுவதே மேல்.