கைவேலை மரக் கத்தி ஸ்டாண்ட்: எதை வாங்கலாம், எதைத் தவிர்க்கலாம்

சிறு மரப்பட்டறைகள் கையால் செய்து விற்கும் கத்தி ஸ்டாண்டுகளில் மூன்று வகை உண்டு. காடி (கத்தி நுழையும் நீளப் பிளவு) எடுத்த கட்டை, மூங்கில் குச்சி நிரப்பிய பெட்டி, காந்தம் புதைத்த பலகை. படத்தில் மூன்றும் அழகாகத்தான் இருக்கும். வாங்குபவர்கள் மர ரேகையைப் பார்த்து மயங்கிவிடுகிறார்கள். பார்க்க வேண்டியது வேறு: கத்தியின் கூர் முனை மரத்தில் எங்கே உரசுகிறது, உள்ளே போன ஈரம் எந்த வழியாக வெளியேறுகிறது.

காடிக் கட்டையில் தொடங்கலாம். இதை யாரும் துளை போட்டுச் செய்வதில்லை. நான்கைந்து பலகைகளுக்கு இடையே 3 மி.மீ. கனத்தில் சிறு பட்டிகளை வைத்து ஒட்டி, கிளாம்ப் போட்டு இறுக்குவார்கள். பட்டி இல்லாத இடம் காடியாகிவிடும். கோளாறும் இங்கேதான் பிறக்கிறது. இறுக்கும்போது பிதுங்கும் பசை காடிக்குள் காய்ந்து கல் போல ஆகிவிடும். பிறகு எடுக்கவே முடியாது, கத்தியை ஒவ்வொரு முறையும் கீறும். கடையிலேயே சோதிக்க வழி உண்டு. மெல்லிய ஸ்டீல் ஸ்கேலை ஒவ்வொரு காடியிலும் அடிவரை விட்டு இழுத்துப் பாருங்கள். ஓரிடத்தில் தட்டினாலும் அந்தக் கட்டை வேண்டாம்.

அடுத்தது காடியின் திசை. நின்ற காடியில் கத்தியின் கூர் கீழ்ப்பக்கமாக மரத்தில் படுத்திருக்கும். ஒவ்வொரு முறை உருவும்போதும் கூர் மரத்தை அறுத்துக்கொண்டே வரும், நாளடைவில் மழுங்கும். படுக்கைவாட்டுக் காடியில் இந்தத் தொல்லை இல்லை. நின்ற காடிக் கட்டைதான் வீட்டில் இருக்கிறது என்றால், கத்தியைத் திருப்பி முதுகு கீழே வரும்படி செருகுங்கள். காடியின் அடிப்பக்கம் மூடியிருந்தால் வாங்கவே வேண்டாம். சரியாகத் துடைக்காத கத்தியோடு போகும் ஈரமும் வெங்காயச் சாறும் அங்கேயே தங்கிப் பூஞ்சை பிடிக்கும். கழுவ வழியில்லை. காடி அடிவரை திறந்து, கட்டைக்குக் கீழே குறைந்தது 5 மி.மீ. உயரத்துக்கு ரப்பர் கால் இருக்க வேண்டும்.

இன்னொன்று: 3 மி.மீ. காடி கடைக் கத்திக்குப் போதும். பழைய லாரி ஸ்பிரிங் பட்டையில் கொல்லர் அடித்துக் கொடுக்கும் கத்தியின் முதுகு 4 மி.மீ. வரைகூட வரும், நுழையாது. அதற்கு ஒரு காடியாவது 5 மி.மீ. அகலத்தில் கேட்டு வாங்க வேண்டும்.

மூங்கில் குச்சிப் பெட்டியைப் பரிந்துரைக்க மாட்டோம். உள்ளளவு 10 செ.மீ. சதுரம் என்றால், 3 மி.மீ. கனக் குச்சி ஆயிரத்தை நெருங்கித் தேவைப்படும். கொஞ்சம் குறைத்துப் போட்டால் கத்தி சாயும், நெருக்கிப் போட்டால் நுழையாது. குச்சி முனை சிலும்பாகி கத்தியில் ஒட்டி வரும். எந்தக் கத்தியை எங்கே வேண்டுமானாலும் செருகலாம் என்பது ஒன்றே அதன் நன்மை.

எங்கள் தேர்வு, ஒரு பக்கம் மட்டும் காந்தம் வைத்த சாய்வுப் பலகை. ஏறத்தாழ 28 செ.மீ. அகலம், 24 செ.மீ. உயரம், 20 மி.மீ. கனம், பின்னோக்கி 10 முதல் 15 டிகிரி சாய்வு. நான்கு கத்திகள் தாராளமாக நிற்கும். எல்லாம் வெளியே தெரிகிறது, காற்று படுகிறது, துணியால் துடைத்தால் போதும்.

ஆனால் நல்ல பலகைக்கும் மோசமான பலகைக்கும் உள்ள வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. காந்தம் நியோடிமியமாக (சிறிய அளவிலேயே வலுவாக இழுக்கும் வகை) இருக்க வேண்டும், 20 மி.மீ. விட்டம், 5 மி.மீ. கனம் உள்ள வில்லைகள் இந்த வேலைக்குப் பொருத்தம். பின்பக்கத்திலிருந்து குழி எடுத்து, முன்முகத்தில் 1.5 முதல் 2 மி.மீ. மரம் மட்டும் மிஞ்சும்படி விட வேண்டும். 3 மி.மீ. விட்டால் பிடிப்பு வெகுவாகக் குறைந்து, கனமான கத்தி மெல்ல வழுக்கும். 1 மி.மீ.க்கும் குறைத்தால் மழைக்காலத்தில் மரம் ஈரத்தில் உப்பும்போது அந்த இடம் வெடிக்கும். வில்லைகளை வடமுனை, தென்முனை என மாற்றி மாற்றி வைத்து, பின்னால் 2 மி.மீ. இரும்புப் பட்டை கொடுத்தால் காந்தப் புலம் முன்பக்கம் கத்தி வழியாகத் திரும்பும். அதே காந்தம், கூடுதல் பிடிப்பு. குழியை எப்பாக்சிப் பசையால் முழுக்க மூட வேண்டும். இல்லையென்றால் காந்தத்தின் நிக்கல் பூச்சு உரியும் இடத்தில் துருப்பிடித்து, உப்பி, மரத்தைத் தள்ளும்.

சோதனை எளிது. சாதாரண ஏ4 தாளை நான்காக மடித்துப் பலகைமேல் வைத்து, வீட்டில் இருப்பதிலேயே கனமான கத்தியை அதன்மேல் ஒட்டுங்கள். வழுக்கினால் பிடிப்பு போதாது. செராமிக் கத்தி எந்தக் காந்தத்திலும் ஒட்டாது.

வைக்கும் முறையும் முக்கியம். கத்தியின் முதுகை முதலில் பலகையில் தொட்டு, பிறகு மெதுவாகச் சாய்த்துப் படுக்க விட வேண்டும். எடுக்கும்போது கூர்ப்பக்கம் முதலில் விலக வேண்டும். தட்டையாகக் கொண்டுபோனால் காந்தம் வெடுக்கென்று இழுக்கும். கூர் முனை அடிபட்டுச் சில்லு போகும். அடுப்புக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். சாதாரண நியோடிமியம் 80 டிகிரி செல்சியஸுக்கு மேல் சக்தி இழக்கும், மரமும் காய்ந்து பிளக்கும். சிறு குழந்தை நடமாடும் வீட்டில் இந்தப் பலகையே வேண்டாம். அங்கே அடி திறந்த படுக்கைக் காடிக் கட்டைதான் சரி.

மரத்தைப் பொறுத்தவரை, நன்றாகக் காய்ந்த தேக்கின் சேகுக்கு (நடுவில் உள்ள கருத்த வைரப் பகுதி) இணை இல்லை. வெளிறு (பட்டையை ஒட்டிய வெளிர்நிறப் பகுதி) கலந்திருந்தால் திருப்பிக் கொடுங்கள். தேக்கில் இயல்பாகவே எண்ணெய்ப் பசை இருப்பதால், ஒட்டும் முகத்தைத் தின்னரால் துடைத்து உடனே நீர் தாங்கும் பசை போட வேண்டும். இதைச் செய்யாத பட்டறைக் கட்டைகள் ஒட்டு விட்டுப் பிரிகின்றன. வேங்கை உறுதியான மரம்தான். ஆனால் வேங்கை டம்ளரில் ஊற்றிய தண்ணீர் நிறம் மாறுவது நமக்குத் தெரியும். ஈரக் கத்தி பட்டால் அதே சாயம் அடுக்களை மேடையில் இறங்கும். வேல மரத்தில் துவர்ப்பு அதிகம். இரும்புக் கத்தியின் ஈரம் பட்ட இடம் கறுத்துவிடும். மாமரக் கட்டையில் ஊசித்துளையும் மாவு போன்ற தூளும் தெரிந்தால் வண்டு ஏறிவிட்டது என்று பொருள்.

பளபளக்கும் வார்னிஷ் வேண்டாம். கத்தி கீறிய இடத்தில் நீர் புகுந்து அது செதிளாக உரியும். அதற்குப் பதிலாக மருந்துக்கடையில் கிடைக்கும் லிக்விட் பாரஃபின் நான்கு பங்கு, தேன்மெழுகு ஒரு பங்கு, எடைக் கணக்கில். கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் வேறொரு கிண்ணம் வைத்து உருக்கி, துணியால் தேய்த்து, மறுநாள் இன்னொரு கை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை இது போதும். நல்லெண்ணெய் பூசினால் முழுக்கக் காயாமல் பிசுபிசுத்து, சிக்கு வாடை அடிக்கும்.

ஆர்டர் கொடுக்கும்போது ஒவ்வொரு கத்திக்கும் மூன்று அளவை எழுதிக் கொடுங்கள்: அலகின் நீளம், அலகின் அகலம், முதுகின் கனம். கைப்பிடிகள் முட்டிக்கொள்ளாமல் இருக்க, கத்திக்குக் கத்தி நடுவிலிருந்து நடு 6 செ.மீ. விடச் சொல்லுங்கள்.