கெட்டி ரக தெர்மல் பேஸ்ட்: பூசினால் நிம்மதி, கழற்றினால் வினை

ப்ராசஸருக்கும் அதன் மேல் உட்காரும் கூலருக்கும் நடுவே வெப்பத்தைக் கடத்தப் பூசுவது தெர்மல் பேஸ்ட். அதில் கெட்டி ரகத்தின் 4 கிராம் சிரிஞ்ச் விலை இறங்கியிருக்கிறதே, வாங்கலாமா என்று நண்பர் கேட்டார். ஏஎம்4 சாக்கெட்டில் (மதர்போர்டில் ப்ராசஸர் உட்காரும் இடம்) ஓடும் ஏஎம்டி ரைசன் 5 ப்ராசஸருக்கு இந்தக் கெட்டி ரகத்தை ஆண்டுக்கணக்காகப் பயன்படுத்திவருவதால் சொல்கிறேன்.

வெப்பத்தில் குறையே இல்லை. ப்ராசஸர் சூடாகி ஆறும் ஒவ்வொரு தடவையும் மேல் தகடும் கூலரின் அடித்தளமும் துளி விரிந்து சுருங்கும். இளகலான பேஸ்ட் அந்த அசைவில் கொஞ்சம் கொஞ்சமாக ஓரத்துக்கு ஒதுங்கிவிடும். நடுவில் காற்று புகும், டிகிரி ஏறும். கெட்டி ரகமோ இருந்த இடத்திலேயே இருக்கிறது. கூலரில் தூசி தட்டினால் போதும், முழு லோடிலும் பூசிய புதிதில் காட்டிய வெப்பம்தான்.

அளவுக்குப் பெரிய கணக்கு வேண்டாம். ப்ராசஸர் 40-க்கு 40 மி.மீ.; 0.1 மி.மீ. படலம் என்றால்கூட 0.16 மி.லி. தாண்டாது, ஒரு சின்னப் பட்டாணி. கெட்டி ரகம் மூலை வரை பரவத் தயங்கும் என்பதால் நடுவில் பொட்டு வைப்பதைவிட மெல்லிய பெருக்கல் குறி நல்லது. பூசுமுன் சிரிஞ்சை மூடியோடு பிளாஸ்டிக் பையில் போட்டு, சில நிமிடம் வெந்நீரில் வைத்தால் சீராக வரும். கூலரை நேராக இறக்கி, ஸ்க்ரூக்களை எதிரெதிர் மூலையாகக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்குங்கள். ஒரு பக்கத்தை முதலிலேயே இறுக்கிவிட்டால் மறுபக்கம் தடிப்பாக நின்றுவிடும்.

எரிச்சல் எல்லாம் கழற்றும்போதுதான். ஏஎம்4-இல் ப்ராசஸரை மேலிருந்து அழுத்திப் பிடிக்க எதுவும் கிடையாது. சாக்கெட்டின் லீவர் செய்வதெல்லாம், ப்ராசஸரின் அடியிலுள்ள 1331 பின்களையும் பக்கவாட்டில் கவ்வுவதுதான். ஆறிய கெட்டி பேஸ்ட்டின் பிடி அந்தக் கவ்வலைவிட வலுவானது. கூலரை நேராக மேலே இழுத்தால், லீவர் பூட்டியபடியே இருக்க, ப்ராசஸர் அடியில் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். சற்றே சாய்ந்து வந்தாலும் பின்கள் வளையும். எந்தக் குணத்துக்காக இந்தப் பேஸ்ட்டை வாங்குகிறோமோ, அதுவேதான் இங்கே பகை.

ஆகவே, முதலில் பத்துப் பதினைந்து நிமிடம் கனமான வேலை ஒன்றை ஓடவிட்டுப் பேஸ்ட்டை இளக்குங்கள். அணைத்து, பவர் கேபிளைப் பிடுங்கி, ஃபேன் வயரைக் கழற்றி, சூடு ஆறுமுன் ஸ்க்ரூக்களை எடுங்கள். தூக்கக் கூடாது. இடமும் வலமுமாகத் திருகி, பிடி விட்டது கையில் தெரிந்த பிறகுதான் தூக்க வேண்டும். கொக்கி மாட்டும் கூலரில் இருபுறமும் பிளாஸ்டிக் தாங்கி இருப்பதால் திருக இடம் குறைவு. அங்கே இன்னும் பொறுமை வேண்டும்.

ப்ராசஸர் ஒட்டியே வந்துவிட்டால் நெம்பாதீர்கள். கூலரைக் கவிழ்த்து வைத்து, ஓரங்களைப் பிடித்துப் பக்கவாட்டில் நகர்த்தி எடுங்கள். வளைந்த பின்னை நிமிர்த்த, எழுதும் குச்சியை எடுத்துவிட்ட 0.5 மி.மீ. மெக்கானிக்கல் பென்சிலின் முனை போதும். திரும்பப் பொருத்தும்போது லீவரைத் தூக்கி, ப்ராசஸரிலும் சாக்கெட்டிலும் உள்ள முக்கோணக் குறிகள் ஒன்றுசேரப் பார்த்து வைத்தால் தன் எடையிலேயே இறங்கும். இறங்கவில்லையென்றால் ஏதோ ஒரு பின் இன்னும் கோணல், அழுத்தாதீர்கள்.

பழைய பேஸ்ட்டைத் துடைக்க 99% ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் வாங்குங்கள். மருந்துக்கடையின் 70 சதவீதத்தில் மிச்சம் பெரும்பாலும் தண்ணீர்தான்.

ஏஎம்5-இலும் இன்டெல் எல்ஜிஏ (பின்கள் சாக்கெட்டிலேயே இருக்கும் வகை) சாக்கெட்டுகளிலும் இரும்புச் சட்டம் ப்ராசஸரை அமுக்கிப் பிடிக்கிறது. அவற்றை வைத்திருப்பவர்கள் தாராளமாக வாங்கலாம். நண்பரிடம் இருப்பது ஏஎம்4. பத்தாண்டு ஓடினாலும் சரி, பாதி விலைக்குக் கிடைத்தாலும் சரி, அந்தச் சாக்கெட்டுக்கு இதை நான் இனி வாங்க மாட்டேன். இரண்டு மூன்று டிகிரி கூடினாலும் இளகல் ரகம் போதும்.